இரண்டாம் படுக்கையின் கோப்பு

அந்தத் தூக்க ஆய்வுக்கூடத்துக்குள் போகிறவர்கள் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். குரலையும் கழற்றி அதன் பக்கத்திலேயே வைத்துவிட்டால் உள்ளே இருப்பவளுக்கு இன்னும் திருப்தி. தரை முழுக்கக் காலடி கேட்காத கம்பளம். ஜன்னல்களுக்கு இரட்டைத் திரை. கதவு சாத்தும்போது சத்தம் வரக் கூடாதென்று சட்டத்தைச் சுற்றிப் பஞ்சுப்பட்டை. பிற்பகல் வெயில்கூட அங்கே சுறுசுறுப்பாக வருவதில்லை. திரைக்குத் திரை உட்கார்ந்து எழுந்து, வெளுத்துப்போய்த்தான் உள்ளே வந்து சேரும்.

அப்படிப்பட்ட இடத்துக்கு, மாதக்கணக்கில் சரியாகத் தூங்காத ஒருத்தியை வேலைக்குக் கூப்பிட்டால் என்ன ஆகும்? பசியோடு இருப்பவனைச் சமையற்கட்டுக்குக் காவல் வைத்த கதைதான். ரிப்பேர் அக்கா உள்ளே கால் வைத்ததும் முதல் வேலையாக ஒரு கொட்டாவி விட்டாள். கம்ப்யூட்டர் பழுதுபார்ப்பது அவள் தொழில். கடைத்தெருவில் அவளைவிட மூத்தவர்களும் அவளை ரிப்பேர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், அவளும் அதை மறுத்ததில்லை.

அவளை வரச் சொன்னவளுக்குத் தாலாட்டு என்று பெயர். பெற்றவர்கள் வைத்ததல்ல, கூட வேலை பார்ப்பவர்கள் வைத்தது. தூங்க வருகிறவர்களின் தலையிலும் நெஞ்சிலும் ஒயர்களை ஒட்டி, விளக்கை அணைத்து, அவர்கள் விடியும்வரை எப்படி மூச்சு விடுகிறார்கள் என்று கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்துப் பதிவு செய்வது அவள் உத்தியோகம். பேச்சே அவளுக்கு மூச்சுக்காற்றில்தான் வரும்.

"அக்கா, மெதுவா," என்றாள் தாலாட்டு, அக்கா நாற்காலியை இழுத்தபோது.

"ஏன், இப்போ யாராவது தூங்கறாங்களா?"

"யாரும் இல்ல. பழக்கம்."

"சரி, என்ன பண்ணுது உன் டிரைவ்?"

"ஏறும்போது நல்லாத்தான் ஏறுது. கொஞ்ச நேரத்துல கழுதை தேஞ்சு கட்டெறும்பு ஆயிடுது. அப்புறம் கட்டெறும்பும் நின்னுடுது. நேத்திலிருந்து இப்படித்தான். சாயங்காலம் டாக்டரோட உதவியாளர் வந்து டிரைவை எடுத்துட்டுப் போயிடுவாரு. அதுக்குள்ள எல்லாம் ஏறியாகணும்."

பதிவுகளை நகலெடுத்து அனுப்புகிற கையடக்கப் பெட்டிதான் அந்த டிரைவ். அவற்றைப் படித்துச் சொல்கிற டாக்டர் வேறு ஊரில் இருந்தார். கைக்கு வந்ததை மட்டும் இன்றிரவே படித்துவிட்டு, நாளையிலிருந்து அவர் நீண்ட விடுப்பில் போகிறார். இன்று போய்ச் சேராத கோப்பு, அவர் திரும்பி வரும்வரை இங்கேயே கிடக்க வேண்டியதுதான். படுத்து எழுந்து போனவர்களோ, தங்களுக்கு என்ன என்று தெரியாமல் வீட்டில் காத்திருப்பார்கள்.

அக்கா தலையாட்டினாள். மற்ற நாளாக இருந்தால் இதற்குள் இன்னும் பத்துக் கேள்வி கேட்டிருப்பாள். இன்று அவள் மனம் வேறொரு இடத்தில் நின்றது. இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. அன்று மாலை வீட்டுக்குப் போனதும் புருஷனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பது, அதற்கும் பொய் வந்தால் பையைத் தூக்கிக்கொண்டு தன் அக்கா வீட்டுக்குப் போய்விடுவது என்ற முடிவோடுதான் அவள் வந்திருந்தாள்.

புருஷன் லிஃப்ட் மெக்கானிக். ஊருக்கு அந்தக் கோடியில் ஒரு பெரிய கட்டிடத்தில் அவசர வேலை, போக வர முடியாது, பெரியப்பா மகன் வீட்டில் இரண்டு ராத்திரி தங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவள் நம்பினாள். நேற்றுப் பகலில் அந்த வீட்டு அண்ணி போன் பண்ணினாள். கம்ப்யூட்டர் வேலை தெரிந்தவளுக்குச் சொந்தக்காரர்கள் சுகம் விசாரிக்கவா போன் பண்ணுவார்கள்? பிரிண்டர் ஓடவில்லையாம். அதைப் பற்றி விலாவாரியாகப் பேசிவிட்டு, வைக்கிற நேரத்தில், "தம்பி எப்படி இருக்காரு? பாத்தே எவ்வளவு நாளாச்சு, ஒரு நாள் வரச் சொல்லு," என்றாள் அண்ணி. அத்தோடு ரிப்பேர் அக்காவுக்கு உலகம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அவளுக்கு அரண்டுபோகக் காரணம் இருந்தது. சில மாதமாகவே இருவரும் வெவ்வேறு அறையில்தான் படுக்கிறார்கள். அவர் குறட்டை தாங்க முடியவில்லை என்று அவள்தான் தலையணையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எதைப் பற்றியும் அதிகமாகச் சொல்லவில்லை. விலகிப் போனவள் தானே என்பதால், அவர் வேறெங்காவது போனால் கேட்கிற உரிமைகூடத் தனக்கு இல்லையோ என்று அவளுக்கு வலித்தது. அந்த வலியைக் கோபமாக்கிக்கொண்டால்தான் நிமிர்ந்து நடக்க முடிந்தது.

"அக்கா? ஆரம்பிக்கலாமா?"

"ம்," என்றாள் அக்கா.

அங்கே ஒரு விதி உண்டு. பதிவுகள் நோயாளிகளுடைய அந்தரங்கம். பழுதுபார்க்க வருகிறவர்கள் டிரைவைத் தொடக் கூடாது, படம் ஓடும் திரையைப் பார்க்கக் கூடாது. கம்ப்யூட்டரின் பெட்டியும் டிரைவும் சுவரோரத்தில் ஒரு மர அலமாரிக்குள் இருந்தன. கதவுக்கு உட்புறம் மெத்தை வைத்துத் தைத்திருந்தார்கள். ஒயர்கள் மட்டும் ஒரு துளை வழியே வெளியே வந்து திரையையும் விசைப்பலகையையும் தொட்டன. அக்கா திரைக்கு முன்னால் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, தாலாட்டு அலமாரிக்குள் தலையை விட்டுச் செய்ய வேண்டும்.

"கேபிளை மாத்து. என் பையில குட்டையா ஒண்ணு இருக்கும் பாரு."

தாலாட்டு மாற்றினாள்.

"செருகற இடம் உள்ள என்ன கலர்? கறுப்பா, நீலமா?"

"நீலம்."

"அப்போ அது வேகமான வழிதான். சரி, கதவைச் சாத்து. காத்து உள்ள போனா குளிர்ல நடுங்கிடப் போகுது உன் டிரைவ்," என்று அக்கா கிண்டல் செய்தாள். தாலாட்டு சிரிக்கவில்லை. அக்கறையாகக் கதவைச் சாத்தினாள்.

கோப்புகள் ஏறத் தொடங்கின. பச்சைக் கோடு விறுவிறுவென்று ஓடியது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு கோடு களைத்தது. பிறகு நடந்தது. பிறகு தவழ்ந்தது. மீதி நேரம் என்று திரை காட்டுகிற கணக்கு, முதலில் நிமிடங்களில் இருந்தது மணிகளாகி, நாட்களாகி, கடைசியில் கணக்கிட்டுக்கொண்டிருக்கிறேன் என்று கைவிரித்துவிட்டது.

அக்கா டிரைவருக்குப் போனாள். கம்ப்யூட்டருக்கும் அதில் செருகுகிற பொருளுக்கும் நடுவில் நின்று இவர் பேச்சை அவருக்கும் அவர் பேச்சை இவருக்கும் சொல்லுகிற சின்ன நிரல் அது. பழையதாகிவிட்டால் இரண்டு பேருக்கும் இடையில் எதையாவது திரித்துச் சொல்லிக்கொண்டிருக்கும், சில உறவினர்களைப் போல. பழையதை நீக்கினாள். புதியதைப் போட்டாள். வைரஸ் தேடுகிற நிரல் ஒவ்வொரு கோப்பையும் வழிமறித்துச் சோதிக்கிறதோ என்று அதைச் சற்று நேரம் ஓரமாக உட்காரச் சொன்னாள். டிரைவின் ஆரோக்கியத்தைச் சோதித்தாள். குறையொன்றும் இல்லை என்று வந்தது. போன வாரம் கடையில் அவள் கையாலேயே சோதித்துக் கொடுத்த புது டிரைவ் அது. அங்கே குதிரையாக ஓடியது.

எல்லாம் செய்து மறுபடி ஏற்றினால், மறுபடியும் அதே நாடகம். ஓட்டம், நடை, தவழல்.

"டிரைவர் மாத்தியும் வண்டி ஓடலையே அக்கா," என்றாள் தாலாட்டு.

"இரு. கொஞ்ச நேரம் அது பாட்டுக்குப் போகட்டும். எந்த இடத்துல நிக்குதுன்னு பாக்கறேன்."

பார்க்கிறேன் என்று சொன்னாளே தவிர, கண் எங்கே திறந்திருந்தது? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு படுக்கைகள் வெள்ளை விரிப்போடு மங்கலாகத் தெரிந்தன. பச்சைக் கோடு ஒரு சின்ன விளக்கைப் போல எங்கோ தொலைவில் நின்றது. அக்காவின் தலை மெல்லச் சரிந்தது. ஒரு லிஃப்ட் ஏறிக்கொண்டிருந்தது. உள்ளே அவர் நின்றார், கையில் திருப்புளி. ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்தது, ஒவ்வொரு மாடியிலும் அவள் நின்றுகொண்டிருந்தாள். அவர் நகர்ந்து இடம் விட்டார். அவள் ஏறவில்லை. கதவு மூடியது. அடுத்த மாடியில் அவள் அதே புடவையில் இன்னும் கொஞ்சம் வயதாகி நின்றாள். அவர் மறுபடியும் நகர்ந்தார். லிஃப்ட் பெட்டி அகலமாகிக்கொண்டே போனது. அவர் மட்டும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, மீதி இடத்தை அப்படியே காலியாக வைத்திருந்தார்.

"அக்கா, டீ."

திடுக்கிட்டு விழித்தாள். கன்னத்தில் விசைப்பலகையின் ஓரம் பதிந்திருந்தது. "தூங்கல, யோசிச்சிட்டிருந்தேன்," என்றாள்.

"இங்க எல்லாரும் அதைத்தான் சொல்லுவாங்க," என்றாள் தாலாட்டு. இதுதான் அவளுக்குத் தெரிந்த ஒரே நகைச்சுவை போலும், சொல்லிவிட்டு அவளே சந்தோஷப்பட்டாள்.

டீயை உறிஞ்சிக்கொண்டே அக்கா திரையைப் பார்த்தாள். மற்ற கோப்புகள் தட்டுத்தடுமாறி ஏறிவிட்டன. கோடு ஒரே கோப்பில் வந்து முட்டி நின்றது. நோயாளிகளுக்கு அங்கே பெயர் கிடையாது. கோப்பின் மேல் இரண்டாம் படுக்கை என்று மட்டும் போட்டிருந்தது.

"இது ஏன் இவ்வளவு பெருசு?"

"அவர் ரெண்டு ராத்திரி படுத்தாரு அக்கா. முத நாள் சும்மா பாத்தோம். ரொம்ப மோசமா இருந்துச்சு, அதனால ரெண்டாம் நாள் மூச்சுக்குக் காத்து தள்ளற மாஸ்க்கை முகத்துல போட்டுப் பாத்தோம்." தாலாட்டு நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டாள். இரவெல்லாம் பேசாமல் இருப்பவளுக்குப் பகலில் ஒரு காது கிடைத்தால் போதும். "அவரு ஒரு தினுசான மனுஷன். பெரிய கட்டில் குடுத்திருக்கோம், நல்லா காலை நீட்டிப் படுக்கலாம். அவரு என்னடான்னா விளிம்புல படுக்கறாரு. தூக்கத்துல புரண்டாலும் விளிம்புக்கே திரும்பி வந்துடறாரு. விழுந்துடுவாரோன்னு எனக்குப் பக்கு பக்குன்னு இருந்துச்சு. காலைல கேட்டேன், ஏன் சார் இப்படின்னு. தெரியலம்மா, மீதி இடம் வீட்டம்மாவுக்குன்னு உடம்பு பழகிடுச்சு போலன்னாரு."

"ம்."

"அதைவிடக் கூத்து, அவருக்கு உடம்புல எந்தத் தொந்தரவும் இல்லையாம். குறட்டையால வீட்டம்மா வேற ரூமுக்குப் போயிட்டாங்களாம். அவங்க திரும்ப வரணும், அதுக்கு வழி இருந்தா சொல்லுங்கன்னு வந்திருக்காரு. வீட்டுக்கே தெரியாதாம். சரியானதும் சொல்லிக்கறேன்னாரு."

"குடுத்து வச்சவ," என்றாள் அக்கா. உலகத்தில் இப்படியும் ஒரு புருஷன் இருக்கிறான், யாரோ ஒருத்திக்கு. அந்த யாரோ ஒருத்தியின் மேல் அவளுக்குச் சுருக்கென்று பொறாமை வந்தது. சொல்லிக்கொள்ளும்படியான பொறாமை இல்லைதான், ஆனாலும் வந்தது.

நீங்கள் இந்நேரம் புரிந்துகொண்டிருப்பீர்கள். அவளுக்குப் புரியவில்லை. அடுத்த வீட்டு விளக்கு எரிவது தெரிகிற அளவுக்குச் சொந்த வீட்டு விளக்கு யாருக்கும் தெரிவதில்லை.

"இந்த மனுஷனோடது மட்டும் ஏறலைன்னா பாவம் அக்கா. மூச்சு ரொம்ப நேரம் நின்னு நின்னு வருது. நான் இவ்வளவு பேரைப் பாத்திருக்கேன், எனக்கே ரெண்டு தடவை எழுந்து ஓடலாமான்னு ஆயிடுச்சு. டாக்டர் உடனே பாக்கணும்."

"பாதி ஏறினது கெட்டுப் போச்சான்னு பாத்துடலாம். திரையை உன் பக்கம் திருப்பிக்கோ. கொஞ்சம் ஓட்டிப் பாரு, தடங்கல் இல்லாம ஓடுதான்னு சொல்லு."

தாலாட்டு விதிப்படி திரையைத் திருப்பிக்கொண்டாள். ஓட்டினாள். ஆனால் ஒலிபெருக்கியைத் திருப்ப முடியுமா?

முதலில் ஒன்றுமில்லை, விரிப்பு உரசுகிற சத்தம். பிறகு அது வந்தது. துருப்பிடித்த இரும்பு ஷட்டரை யாரோ அடியிலிருந்து இழுத்து இழுத்து மேலே ஏற்றுகிற மாதிரி ஒரு குறட்டை. பாதி ஏறியதும் ஒரு சின்ன இடறல். பிறகு மேலே போய் முட்டி, சட்டென்று நின்றது.

அக்கா டீயைக் கீழே வைத்தாள்.

ஆயிரம் பேரை வரிசையாகப் படுக்க வைத்துக் கண்ணைக் கட்டிவிட்டாலும் அவளால் அந்தச் சத்தத்தை எடுத்துக் கொடுக்க முடியும். அந்த இடறல் அவருடையது. கல்யாணமான புதிதில் அதைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறாள். பிற்பாடு, நின்றுபோன இடத்தில், சிரிப்பும் நின்றது.

ஒலிபெருக்கியில் இப்போது ஒன்றுமே கேட்கவில்லை. தாலாட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அக்கா கையைத் தூக்கி அவளை அடக்கினாள். இந்த இடைவெளியை அவளுக்குத் தெரியும். ஊரிலுள்ள சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சத்தம் தாங்க முடியவில்லை என்றுதான் சொல்லியிருந்தாள். அவரிடமும் அதையே சொன்னாள், அதுவும் முகத்தைச் சுளித்துக்கொண்டு. சத்தம் அவளை ஒன்றும் செய்யவில்லை. சத்தம் இருக்கும்வரை ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். அது நிற்கும்போதுதான் அவள் செத்துப் போவாள். இருட்டில் அவர் நெஞ்சுக்கு மேலே, தொட்டும் தொடாமலும் கையை வைத்துக்கொண்டு, அடுத்த மூச்சு வருமா வராதா என்று கிடப்பாள். வரும். வந்ததும் கோபம் வரும். தினம் தினம் அப்படி ஒருவரைச் சாகக் கொடுத்துத் திரும்ப வாங்க யாரால் முடியும்? பக்கத்து அறைக்குப் போனால் அது கேட்காது என்று நினைத்தாள். சுவர் வழியாக அதையே கேட்டுக்கொண்டு விழித்திருந்ததுதான் மிச்சம்.

‘ஹக்’கென்று மூச்சு வந்தது. ஷட்டர் மறுபடி ஏறத் தொடங்கியது. அக்காவும் மூச்சை விட்டாள்.

"நல்லா ஓடுது அக்கா, கெடல," என்றாள் தாலாட்டு. பிறகு திரையிலிருந்து தலையைத் திருப்பி, "பாவம் அந்தம்மா, இதைக் கேட்டுக்கிட்டு எப்படித்தான் தூங்கினாங்களோ," என்றாள்.

"பாவமெல்லாம் இல்ல. மடச்சி. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லத் தெரியாத மடச்சி." அக்கா எழுந்துவிட்டாள். கண்ணிலிருந்து நீர் அது பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அவள் துடைக்கவில்லை. "நகரு."

"அக்கா, அலமாரியை நீங்க தொடக் கூடாது... விதி..."

"அது என் வீட்டுக்காரர்டீ."

தாலாட்டுக்கு அது உள்ளே போய்ச் சேரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. சேர்ந்ததும் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தனை கதையையும் சொன்ன வாய் அல்லவா? அதற்குள் அக்கா அலமாரியைத் திறந்து மண்டியிட்டுவிட்டாள்.

உள்ளே அவள் எதிர்பார்த்தது ஒரு டிரைவ். கண்டது ஒரு தொட்டில். மடித்த கம்பளி நான்கு பக்கமும் அணை கட்டியிருந்தது. நடுவில், நீல நிறக் குழந்தைக் காலுறை ஒன்றுக்குள், கழுத்துவரை இழுத்துவிடப்பட்டு, டிரைவ் படுத்திருந்தது. அதன் மேல் சின்னதாக ஒரு தலையணை வேறு. அக்கா காலுறைக்கு மேலே கையை வைத்தாள். காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றி மாதிரி கொதித்தது.

"இது என்ன?"

"சுத்தும்போது ‘ங்ங்’னு ஒரு சத்தம் வருது அக்கா. ராத்திரி தூங்கறவங்களுக்குக் கேக்கும். அதான் நல்லாப் போர்த்தி விட்டேன். விளக்கு வேற மினுக்கு மினுக்குன்னு..."

"பகல்லயுமா போர்த்துவே?"

தாலாட்டு யோசித்தாள். "கை தானா போர்த்திடுது," என்றாள் மெல்ல.

அக்கா காலுறையை உரித்தாள். கம்பளியை வெளியே எறிந்தாள். அத்தோடு விடவில்லை. சந்தேகம் வந்துவிட்டது. இப்படி ஒரு பெண் இதோடு நிறுத்தியிருக்க மாட்டாள். திரையைத் தன் பக்கம் திருப்பி, படத்தை மூடிவிட்டு, மின்சார அமைப்புகளைத் திறந்து பார்த்தாள். நினைத்தது சரி. விசிறி இரையக் கூடாதென்று கம்ப்யூட்டரையும் அமைதிப் பயன்முறையில் போட்டு, அதன் வேகத்தைக் கால்வாசியாகக் குறைத்து வைத்திருந்தாள் புண்ணியவதி. தூங்க வருகிறவர்கள் எழுந்துவிடக் கூடாதென்று அந்த அறையிலிருந்த அத்தனையையும் தூங்க வைத்திருந்தாள். இதை யாரும் கெட்ட எண்ணத்தில் செய்ய முடியாது. இவ்வளவு அன்பு இருந்தால்தான் இவ்வளவு கோளாறு செய்ய முடியும்.

அமைதிப் பயன்முறையை அக்கா நீக்கினாள். பெட்டியின் விசிறி முதன்முறையாகத் தொண்டையைச் செருமிக்கொண்டு இரையத் தொடங்கியது. தாலாட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

"இரையட்டும்," என்றாள் அக்கா. "சத்தம் வந்தா நல்லதுதான். உயிரோட இருக்குன்னு அர்த்தம்."

டிரைவைத் தன் முந்தானையால் விசிறிவிட்டுக் கம்பளத்தின் மேல் வெறுமனே கிடத்தினாள். கோடு அசைந்தது. கொஞ்சம் யோசித்தது. சூடு தணியத் தணிய நடை பிடித்து, பிறகு ஓடத் தொடங்கியது. அது ஓடிக்கொண்டே இருந்தது. அக்கா முழங்காலைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து அதையே பார்த்தாள். இரண்டு ராத்திரியாக அவர் விட்ட மூச்சும் நிறுத்திய மூச்சும் அந்தப் பச்சைக் கோட்டில் போய்க்கொண்டிருந்தது. நான் என்னவெல்லாம் நினைத்தேன் அவரை, என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தை விடச் சந்தோஷம் பெரிதாக இருந்தது. சந்தோஷத்துக்கு அடியில், அந்த இடைவெளிகளின் பயம் அப்படியேதான் இருந்தது.

"டாக்டர் பாத்தா சரியாயிடுமா?" என்று கேட்டாள்.

"மாஸ்க் போட்ட ராத்திரி ஒரு தடவைகூட நிக்கல அக்கா. குழந்தை மாதிரி தூங்கினாரு. டாக்டர் பாத்து காத்தோட அளவைச் சொன்னாப் போதும்." தாலாட்டு கொஞ்சம் தயங்கினாள். "கண்ணெல்லாம் செவந்து கிடக்கு உங்களுக்கு. முடியறவரைக்கும் அங்க போய்ப் படுங்களேன். விரிப்பு புதுசு."

மறுக்கத்தான் நினைத்தாள். கால் தானாகக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போயிற்று. இரண்டாம் படுக்கை. விளிம்பை விட்டு, நடுவையும் விட்டு, அவர் யாருக்கோ என்று காலியாக வைத்திருந்த பாதியில் போய்ப் படுத்தாள். திறந்திருந்த கதவு வழியாக விசிறியின் இரைச்சல் வந்துகொண்டிருந்தது, ஏறி இறங்காமல், நிற்காமல். ஜன்னல் திரைகளில் வெளிச்சம் மஞ்சளாகி, பிறகு செம்பாகி, பிறகு இன்ன நிறம் என்று சொல்ல முடியாமல் ஆனது. டாக்டரின் உதவியாளர் வந்தார். தாலாட்டு உதட்டில் விரலை வைத்து அவரை நிறுத்தி, எல்லாம் ஏறி முடிந்த டிரைவைக் கையில் கொடுத்து அனுப்பினாள். அக்காவுக்கு எதுவும் தெரியாது. மாதக்கணக்கான தூக்கம் அது, அவ்வளவு லேசில் கலைந்துவிடுமா?

போன் அடித்தபோது எங்கே படுத்திருக்கிறோம் என்று அவளுக்கு உடனே பிடிபடவில்லை.

"எங்க இருக்க?" அவர் குரல். "கடை பூட்டியிருக்குன்னாங்க. நான் அண்ணன் வீட்டுல இருந்து கிளம்பிட்டேன். வேலை ஒருவழியா முடிஞ்சுது. அங்க ஒரு லிஃப்ட், மூணாவது மாடிக்கு மேல..."

பொய்யை இவ்வளவு சிரமப்பட்டுச் சொல்கிற மனிதரை இரண்டு நாளாக எதற்கெல்லாம் சந்தேகப்பட்டோம் என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரம் அந்த லிஃப்டை மேலும் கீழும் போக விட்டாள்.

"தூங்கிட்டேங்க," என்றாள்.

"தூங்கினியா? இந்நேரத்துலயா? எங்க?"

"ரெண்டாம் நம்பர் படுக்கையில. நீங்க விட்டு வச்சிருந்த பாதியில."

மறுமுனையில் யாரோ எதற்கோ ஹார்ன் அடித்தார்கள்.

"அந்தப் பொண்ணு சொல்லிடுச்சா?"

"யாரும் சொல்லல. உங்க குறட்டைதான் காட்டிக் குடுத்துச்சு."

"சரியானப்புறம் சொல்லலாம்னுதான்..." அவர் இழுத்தார். "உனக்குப் பிடிக்காத சத்தத்தை வச்சிக்கிட்டு உன்னை எப்படி வான்னு கூப்பிடறது?"

"சத்தம் பிடிக்காம நான் போகல." அவள் எழுந்து உட்கார்ந்தாள். இத்தனை மாதமாகத் தொண்டையில் கிடந்தது இவ்வளவு சின்னதா என்று இருந்தது. "நடுவுல நிக்குது பாருங்க, அப்போ பயமா இருந்துச்சு. அடுத்த மூச்சு வரலைன்னா நான் என்ன பண்ணுவேன்னு. அதைச் சொல்லத் தெரியாம சத்தம் சத்தம்னு சொல்லிட்டேன்."

அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"இன்னிக்கு நம்ம ரூம்லயே படுக்கறேன்," என்றாள்.

"மாஸ்க் வர இன்னும் நாளாகும். இன்னிக்கும் குறட்டை விடுவேனே."

"விடுங்க. நின்னா எழுப்பறேன்."